பழைய கணினிக்கு ஒலி அட்டை: வீட்டிலேயே செய்யும் முறை

தொண்ணூறுகளில் வன்னியின் பெரும்பகுதியில் மின்சாரம் இல்லாதிருந்தபடியால், எண்பதுகளில் வந்த ஐ.பி.எம். எக்ஸ்.டி. போன்ற கணினிகளை அப்போது எங்களிற் பலர் கண்டதில்லை. இன்று அப்படியொன்று கைக்குக் கிடைத்தால், 1987இல் வெளிவந்த அட்லிப் ஒலி அட்டையின் மாதிரியை நாமே செய்து அதிற் பொருத்தலாம். பாகங்கள் குறைவு என்பதால் முதன்முறை செய்பவருக்கு இதையே பரிந்துரைக்கிறேன்.

திறந்த உரிமத்தில் கிடைக்கும் வரைபடக் கோப்புகளைச் சுற்றுப்பலகை செய்பவர்களுக்கு அனுப்புங்கள். பலகையின் தடிப்பு 1.6 மில்லிமீற்றராக இருக்கவேண்டும். செருகும் விளிம்பிலுள்ள 62 தொடுகைகளுக்கும் தங்க முலாம் கேளுங்கள். ஒலியை உருவாக்குவது யமஹா வை.எம். 3812 சிப், அதன் இலக்கங்களை ஒலி அலையாக மாற்றுவது வை.எம். 3014. அட்டையைச் செருகும் தாய்ப்பலகைச் செருகுதளத்தின் பி30 முனையில் வரும் 14.318 மெகாஹேர்ட்ஸ் துடிப்பு நான்கால் வகுக்கப்பட்டு, ஏறத்தாழ 3.58 மெகாஹேர்ட்ஸாக முதற் சிப்புக்குச் செல்கிறது.

ஈயம் பற்றவைக்கும்போது உயரம் குறைந்தவற்றிலிருந்து தொடங்குங்கள்: முதலில் தடைகள், பின்னர் சிப் சொக்கெற்றுகள், 0.1 மைக்ரோபரட் கொள்ளளவிகள், கடைசியாக நேர், மறை முனை பார்த்து வைக்கவேண்டிய பெரிய கொள்ளளவிகள். சிப்புகளை நேரடியாகப் பற்றவைக்க வேண்டாம், பழைய வை.எம். 3812 என்று விற்கப்படுபவற்றிற் போலிகளும் உண்டு, கழற்றி மாற்ற வேண்டிவரும். இடையில் மின்சாரம் நின்றுவிட்டால், அரைகுறையாக இளகிய பற்றை அப்படியே விடாமல், மீண்டும் சூடாக்கிச் சரிசெய்யுங்கள். மாரி காலத்து ஈரத்தைப் பிசின் எச்சம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், ஐசோபுரொப்பைல் அற்ககோலும் தூரிகையும் கொண்டு பலகையைக் கழுவிக் காயவிடுங்கள்.

அடுத்த படியில் அவசரம் வேண்டாம். அட்டை பழுதானால் இன்னொன்று செய்யலாம், ஆனால் அந்தத் தாய்ப்பலகைக்கு மாற்று இங்கு எளிதிற் கிடைக்காது. ஆகவே சிப்புகளைச் செருகுமுன், ஐந்து வோல்ற்று வரும் பி3, பி29 முனைகளுக்கும் நிலமான பி1, பி10, பி31 முனைகளுக்கும் இடையே குறுக்கிணைப்பு இல்லையென மல்டிமீற்றரால் உறுதிசெய்யுங்கள். பி9இல் பன்னிரண்டு வோல்ற்று வருகிறது. அது பக்கத்து முனையைத் தொட்டிருக்கிறதா என்பதையும் உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பாருங்கள்.

பின்னர் சிப்புகளைப் பள்ளம் பார்த்துச் செருகி, கணினியை நிறுத்திய நிலையில் அட்டையைப் பொருத்தி, டொஸ் இயங்குதளத்தில் டிபக் நிரலைத் திறவுங்கள். இனி வரும் எண்கள் யாவும் பதினறும எண்கள். 388 என்னும் வாயிலில், சிப்பின் உள்ளே பெறுமதியை வைத்திருக்கும் இடமான பதிவகத்தின் எண்ணையும் 389இல் பெறுமதியையும் எழுதவேண்டும். 4ஆம் பதிவகத்தில் 60, பின்பு 80. 2ஆம் பதிவகத்தில் எப்.எப்.; மீண்டும் 4இல் 21. இப்போது 388ஐ வாசித்தால் சி என்று தொடங்கும் எண் வரவேண்டும். எப்.எப். வந்தால் அட்டை முகவரியை அடையாளம் காணவில்லை. முகவரி பிரிக்கும் 74 வரிசைச் சிப்புகளையும் ஏ11 முனையின் பற்றையும் முதலிற் சோதியுங்கள்.