கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரி

காவேரிப்பட்டணத்தில் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. நான் ஐக்கிய அரபு அமீரகத்தில், ஷார்ஜாவில் டீச்சர்; ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாசம். "டிக்கெட் போட்டு வந்துடும்மா, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். நல்லவேளை, கேட்கவில்லை. சொல்லாமல் கிளம்பினால் 'வேலையை விட்டு ஓடியவர்' என்று முதலாளி புகார் போடலாம். பிறகு அந்த நாட்டு விசாவே சிக்கல்தான்.

மெயிலில் ராஜினாமா அனுப்பினேன். 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, விலகும் முன் தரவேண்டிய நோட்டீஸ் 30 முதல் 90 நாள். என் ஒப்பந்தத்தில் 30. என் ஸ்பான்சரில், அதாவது என் பொறுப்பில் எடுத்திருந்த மகனின் விசாவை முதலில் கேன்சல் செய்தேன். கிரெடிட் கார்டையும் அடைத்தேன்.

கடைசி வாரம் பள்ளி ஆபீசில் ஒரு தாளை நீட்டினார்கள். அரபியும் இங்கிலீஷுமாக பொடி எழுத்து. நடுவில் "எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி. கையில் ஒரு திர்ஹாம் வரவில்லை! "பணம் ஏறினதும் போடறேன் சார்." தாளை நீட்டியவர் முகம் சுண்டிப்போனது. இரண்டு வருஷ சர்வீஸ். வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை), விடுவேனா? ஐந்தாம் நாள் பேங்க்கில் ஏறியது. அப்புறம்தான் கையெழுத்து.

பெங்களூரில் இறங்கி, ஓசூர் வழியாக பஸ். கட்டிலில் இருந்தபடியே அம்மா கேட்டாள்: "லீவு எத்தனை நாளுடி?"