பாலனை அவசரப்பட்டுக் குடிலில் வைக்காதீர்கள்: திருவருகைக் காலத்தில் நாம் செய்யும் தவறுகள்

நவம்பர் பாதி தாண்டினால் போதும், மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் கடை வாசல்களில் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் கொடி ஏறும். டிசம்பர் 3 திருவிழா முடிந்த கையோடு கேரல், குடில் வேலை, கேக் ஆர்டர், பள்ளிக்கூடங்களில் கிறிஸ்துமஸ் விழா என்று நாள் போவதே தெரியாது. இந்த ஓட்டத்தில், கிறிஸ்துமசுக்கு முன்னால் காத்திருந்து ஆயத்தமாக வேண்டிய திருவருகைக் காலம் முழுவதையும் தொலைத்துவிடுகிறோம். பல ஆண்டுகளாகப் பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுத்தும், பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டங்களில் உட்கார்ந்தும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறுகளை இங்கே எழுதுகிறேன். யாரும் வேண்டுமென்று செய்பவை அல்ல இவை. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் நடப்பவைதான் பெரும்பாலும்.

முதலில் தேதி. திருவருகைக் காலம் டிசம்பர் 1-ல் தொடங்குகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நவம்பர் 30 புனித அந்திரேயா திருவிழா. அந்த நாளை ஒட்டி வரும் ஞாயிறுதான் தொடக்கம். அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எந்த நாளாகவும் இருக்கலாம். 2025-ல் சரியாக நவம்பர் 30-லேயே வந்தது, 2026-ல் நவம்பர் 29. நான்கு ஞாயிறு கட்டாயம் உண்டு, ஆனால் நான்கு முழு வாரம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்தால் 22 நாளிலேயே முடிந்துவிடும். திருச்சபையின் புத்தாண்டும் இந்த ஞாயிறுதான். சனவரி 1 அல்ல.

டிசம்பர் 1 என்ற கணக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே ஒரே தெருவில் மூன்று ரீத்துக்காரர்கள், அதாவது மூன்று வழிபாட்டு மரபுக் கத்தோலிக்கர், இருப்போம். கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்கள் இலத்தீன். மார்த்தாண்டம் மறைமாவட்டம் மலங்கரை, தக்கலை மறைமாவட்டம் சீரோ மலபார். கீழை மரபில் வரும் இந்த இரண்டு சபைகளிலும் டிசம்பர் 1 முதல் கிறிஸ்துமஸ் வரை இருபத்தைந்து நோன்பு என்று ஒன்று உண்டு. இறைச்சி, மீன் தொடாமல் இருக்கிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்துவிட்டு இலத்தீன் குடும்பத்தார் சிலர், நாமும் கட்டாயம் நோன்பு இருக்கணுமோ என்று கலங்குகிறார்கள். இன்னும் சிலர், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தை நினைத்து, ‘அவங்களுக்கு என்ன, தவக்காலம் மாதிரி!’ என்று பேசிவிடுகிறார்கள். இலத்தீன் மரபில் திருவருகைக் காலத்துக்கென்று கட்டாய நோன்பு கிடையாது, வெள்ளிக்கிழமை ஒறுத்தல் வழக்கம்போல் உண்டு. விரும்பி நோன்பு இருந்தால் நல்லதுதான். பக்கத்து வீட்டுக்காரர் நோன்பில் இருக்கும்போது அவருக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பாமல் இருப்பதும் ஒரு மரியாதை.

தவக்காலத்தின் தம்பி அல்ல

குருவானவரின் உடுப்பு ஊதா நிறம் என்பதால் இதைக் குட்டித் தவக்காலம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு, ஊதாவைக் கண்டுகொள்ளாமல் முதல் வாரமே கிறிஸ்துமஸ் பாட்டில் இறங்குவதும் தவறு. இரண்டாவதுதான் நம் பங்குகளில் அதிகம். பாடகர் குழுவில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். திருவருகைக் கால ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்கீதம் பாடுவதில்லை, ஆனால் அல்லேலூயா பாடுவோம். தவக்காலத்தில் அந்த அல்லேலூயாவும் இருக்காது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. இது துக்கம் காக்கிற காலம் அல்ல, அடக்கமாக மகிழ்கிற காலம். பீடத்துப் பூவும் இசைக்கருவியும் அளவாக இருக்கட்டும் என்று திருச்சபை கேட்பதும் இதற்காகத்தான்.

கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியை நினைத்துப் பாருங்கள். கோவிலில் விளக்குகள் அணைந்திருக்கும். குருவானவர் ‘உன்னதங்களிலே’ என்று எடுத்துக் கொடுத்ததும் பீடச் சிறுவர்கள் கைமணியை ஆட்டுவார்கள், கோபுர மணி அடிக்கும், விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும், குடில் திரை விலகும். தூங்கி விழுந்துகொண்டிருந்த பிள்ளை அம்மா தோளில் இருந்து தலையைத் தூக்கிப் பார்க்கும். அந்தப் பாட்டுக்கு அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? மூன்று வாரத்துக்கு மேல் ஞாயிறுதோறும் அதைப் பாடாமல் வைத்திருந்ததில் இருந்துதான். டிசம்பர் முதல் வாரமே ‘பாலன் பிறந்தார்’ என்று பாடித் தீர்த்துவிட்டால் அந்த இரவில் புதிதாக எதுவும் மிஞ்சாது.

‘முதல் ஞாயிறே உலக முடிவு பற்றி ஏன் வாசிக்கிறாங்க, கிறிஸ்துமஸ்தானே வரப்போகுது?’ என்று வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி. இந்தக் காலத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. டிசம்பர் 16 வரை, ஆண்டவர் மாட்சியோடு மீண்டும் வருவதற்காகக் காத்திருக்கிறோம். 17 முதல் 24 வரைதான் பெத்லகேமை நேராகப் பார்க்கிறோம். நடுவில் இரண்டு ஞாயிறு திருமுழுக்கு யோவான் வந்து நிற்பார். முதல் பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டால், பழைய பிறந்தநாள் ஒன்றைக் கொண்டாடுவதோடு நம் கிறிஸ்துமஸ் நின்றுவிடும்.

ஞாயிறுக்கு ஒரு திரியாக ஏற்றுகிற மெழுகுதிரி வளையத்தில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. மூன்று ஊதா, ஒரு ரோஸ். ரோஸ் நிறம் மாதாவுக்கு என்று நினைத்து நான்காம் ஞாயிறுக்கு ஒதுக்கி வைக்கிறார்கள். அது மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. ‘மகிழுங்கள்’ என்று பவுல் சொல்வதைக் கேட்கிற ஞாயிறு அது. குருவானவர் ரோஸ் உடுப்பு உடுத்தலாம் என்று இருப்பதும் அன்றைக்குத்தான். வளையம் இல்லாவிட்டால் வழிபாட்டில் ஏதோ குறை என்று பதறவும் வேண்டாம். இது 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் விக்கெர்ன் என்ற சீர்திருத்த சபைப் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பழக்கம், நமக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் இலை வாங்கிக் காசைக் கொட்டாமல், வீட்டு முற்றத்துக் குரோட்டன்ஸ் இலையைச் சுற்றி வைத்தாலே அழகாக இருக்கும்.

குடில்

இதில்தான் நம் ஊர்க்காரர்களின் உயிரே இருக்கிறது. இளைஞர்கள் ராத்திரி முழித்துக் கட்டுவார்கள். மழையில் ஊறிய மதில் சுவரில் இருந்து பாசியைப் பாளம் பாளமாகப் பெயர்த்து எடுப்பது, தட்டில் நெல்லோ கேழ்வரகோ விதைத்துப் புல் வளர்ப்பது, வைக்கோலுக்கு அலைவது எல்லாம் சேர்ந்ததுதான் குடில். விதைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 24-ஆம் தேதிக்குப் பச்சையாக நிற்க வேண்டுமானால் பத்து நாள் முன்னால் விதையுங்கள். மாதத் தொடக்கத்திலேயே விதைத்தால் கிறிஸ்துமஸ் அன்று மஞ்சளாகிச் சாய்ந்து கிடக்கும்.

பெரிய தவறு என்னவென்றால், பெட்டியைத் திறந்த கையோடு எல்லாச் சுரூபத்தையும் வைத்துவிடுவது. மரியா, யோசேப்பு, இடையர், மூன்று ஞானிகள், நடுவில் பாலன் இயேசு, எல்லாம் டிசம்பர் 5-ஆம் தேதியே! பிறகு எதற்குக் காத்திருக்கிறோம்? 1223-ல் கிரேச்சோ என்ற ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது அவர் கேட்டது வைக்கோல் போட்ட ஒரு தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான். தொட்டியைக் காலியாக விடுங்கள். பிள்ளைகள் செய்கிற ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் ஒரு வைக்கோல் துரும்பை அதில் போடச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி சண்டை போட்ட தோழியிடம் பேசிவிட்டு வந்து, ‘டீச்சர், இதுக்கு ரெண்டு துரும்பு போடலாமா?’ என்று கேட்டாள். போடச் சொன்னேன்.

மின்சாரத்தில் அசட்டை வேண்டாம். டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். வைக்கோலும் ஓலையும் தெர்மாகோலும் இருக்கிற இடத்தில் ஒட்டுப்போட்ட சீரியல் செட்டை ஓட விட்டுத் தூங்கப் போகக் கூடாது. மின்கம்பத்தில் ஏறி ஸ்டார் கட்டுவதும், கம்பியில் கொக்கி போடுவதும் வேண்டவே வேண்டாம்.

கேரல் போகும்போது

கேரல் என்றாலே எனக்கு ட்ரம் சத்தமும், தாத்தா முகமூடியைப் பார்த்து அலறும் சின்னப் பிள்ளைகளும்தான் நினைவுக்கு வரும். அந்த மகிழ்ச்சியைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கச் சட்டமும் இடம் தராது. படுக்கையில் கிடக்கும் நோயாளி உள்ள வீட்டில் ட்ரம்மை நிறுத்திவிட்டு, உள்ளே போய் ஒரே ஒரு பாட்டு மெதுவாகப் பாடுங்கள். அந்த வீட்டில் அதை ஆண்டுக்கணக்கில் சொல்வார்கள். காணிக்கை வாங்கும்போது யார் எவ்வளவு தந்தார் என்று வாசலில் நின்று உரக்கச் சொல்வதை நிறுத்துங்கள். கொடுக்க முடியாதவர்கள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்தேன், நெஞ்சில் அறைந்தது போல் இருந்தது.

கடப்புறத்து ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 3-ல், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கமிருந்து கடலுக்குப் போன மீனவர்கள் திரும்பி வருவார்களா என்று பெண்கள் கரையில் நின்றார்கள். நம் வழிபாட்டில் ‘ஆண்டவரே வாரும்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல் அந்த ஆண்டு கரையில் அழுகையாகக் கேட்டது. 2004 சுனாமி வந்ததும் கிறிஸ்துமசுக்கு மறுநாள். இந்த வீடுகளுக்கு டிசம்பர் என்றால் நினைவு நாளும்தான். ‘கிறிஸ்துமஸ் அதுவுமா ஏன் இப்படி இருக்கீங்க’ என்று யாரையும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜெபமாலை சொல்லுங்கள்.

சவேரியார் திருவிழாவையும் இந்தக் காலத்தோடு சேர்த்துப் பார்க்க மறந்துவிடுகிறோம். திருவிழா வேறு, திருவருகை வேறு என்று கடந்து போகிறோம். 1544-ல் நம் கடற்கரை ஊர்களில் நடந்து திருமுழுக்குக் கொடுத்தவர், 1552 டிசம்பர் 3-ல் சாங்சுவான் தீவில் இறந்தார். சீனாவுக்குள் கூட்டிப்போகிறேன் என்று சொன்ன வணிகனின் படகுக்காகக் காத்திருந்து, அது வராமலே காய்ச்சலில் கண்ணை மூடினார். காத்திருக்கிற காலத்துக்கு இவரைவிடப் பொருத்தமான பாதுகாவலர் யார்? மறையுரையிலோ நவநாளிலோ இதை ஒரு தடவையாவது சொல்லலாம்.

டிசம்பர் 8 அமல உற்பவம் பற்றியும் ஒரு வார்த்தை. மரியா இயேசுவைக் கருத்தாங்கிய நாள் இது என்று படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். அல்ல. மரியா தம் தாய் அன்னாவின் வயிற்றில் பாவ மாசின்றி உருவான நாள். 1854-ல் திருத்தந்தை 9-ஆம் பத்திநாதர் இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். ஒன்பது மாதம் கூட்டினால் செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். அன்றைய நற்செய்தி வாசகம் கபிரியேல் வாழ்த்தாக இருப்பதால்தான் இந்தக் குழப்பம். கபிரியேல் வந்ததைக் கொண்டாடும் நாள் மார்ச் 25. டிசம்பர் 8 பெருவிழா என்பதால் அன்றைக்கு ‘உன்னதங்களிலே’ உண்டு, பாடகர் குழு மறக்க வேண்டாம்.

பாவசங்கீர்த்தனத்துக்கு 24-ஆம் தேதி சாயங்காலம் வரிசையில் நிற்காதீர்கள். ஒரு குருவானவர், நூறு பேர், வெளியே மைக் டெஸ்டிங். மனம் விட்டு நாலு வார்த்தை பேச முடியாது. இரண்டாம் வாரமே போய்விடுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அன்பியப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுத்து, குருவானவர் வீட்டுக்கு வர ஏற்பாடு செய்யுங்கள்.

திருமணம் வைக்கலாமா என்று கேட்பார்கள். இந்தக் காலத்தில் திருமணம் கூடாது என்று இன்றைய சட்டம் சொல்லவில்லை, ஆனால் நம்மவர்கள் தவிர்ப்பதே வழக்கம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பங்குப் பணியாளரிடம் கேட்டுவிடுங்கள். அதே போல, 24-ஆம் தேதி ஞாயிறாக வந்தால் இரவுத் திருப்பலியே ஞாயிறுக்கும் சேர்த்துப் போதும் என்று நினைக்காதீர்கள். நான்காம் ஞாயிறுத் திருப்பலி ஒரு கடமை, கிறிஸ்துமஸ் திருப்பலி இன்னொரு கடமை. 2023-ல் இதில் நிறையப் பேர் குழம்பினார்கள், 2028-ல் மறுபடியும் அப்படி வரும்.

கடைசியாக ஒன்று. முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் தீர்ந்ததும் குடிலைப் பிரிக்க ஆரம்பித்துவிடுகிறோம். கிறிஸ்து பிறப்புக் காலம் 25-ஆம் தேதி முடிவதில்லை, சனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை ஓடும். எங்கள் வீட்டில் மூன்று ஞானிகளும் 24-ஆம் தேதி இரவு டிவி மேசையில்தான் நிற்பார்கள். சின்னவள் தினமும் அவர்களை ஒரு சாண் நகர்த்துவாள். சன்னல் திண்டு, அலமாரி, அப்புறம் ஸ்டூல். ஞானிகள் பாலனைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சி ஞாயிறு காலையில், கோவிலுக்குக் கிளம்பும் முன், ஒட்டகத்தோடு அவர்களைக் குடில் வாசலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் செருப்பே போடுவாள்.