பாக்டீரியாவுக்குப் பின் ‘எஸ்’ வேண்டுமா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் படிக்கும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவியின் உயிரியல் நோட்டில், ‘பாக்டீரியா’ என்ற ஆங்கிலச் சொல்லின் பின்னால் ஓர் ‘எஸ்’ சேர்க்கப்பட்டு, அடிக்கப்பட்டு, மீண்டும் சேர்க்கப்பட்டிருந்தது. அந்தத் தயக்கம் நியாயமானது. பாக்டீரியா என்பதே பன்மை. அதன் ஒருமை ‘பாக்டீரியம்’.

லத்தீனிலிருந்து வந்த சொல்லுக்கு முதலில் ஈற்றெழுத்துகளைப் பாருங்கள். ‘யு, எம்’ என முடிந்தால் அவற்றை எடுத்துவிட்டு ‘ஏ’ எழுதுங்கள். மீடியம் மீடியா ஆவதும் டேட்டம் டேட்டா ஆவதும் இப்படித்தான். ‘ஏ’ என முடியும் லார்வா, ஆல்கா போன்றவற்றுக்குப் பின்னால் ஓர் ‘இ’ சேரும். மேட்ரிக்ஸ், வெர்டெக்ஸ் ஆகியவை மேட்ரிசீஸ், வெர்டிசீஸ் ஆகும்.

‘யு, எஸ்’ ஈற்றில்தான் நிதானம் வேண்டும். ஃபங்கஸ், ரேடியஸ் ஆகியவற்றில் அந்த ஈறு ‘ஐ’ ஆக மாறும். ரேடியஸின் பன்மையில் அந்த எழுத்து இரண்டு முறை வருவதைக் கணக்குத் தாளில் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஜீனஸ் என்பது லத்தீனில் வேறு வகைப் பெயர்ச்சொல் என்பதால் ‘ஜெனரா’ ஆகிறது. வைரஸ், கேம்பஸ், போனஸ் ஆகியவை ஆங்கிலத்தில் நன்றாக ஊறிவிட்டமையால் ‘இ, எஸ்’ பெறுகின்றன. கோயம்புத்தூர் போக நாம் ஏறும் பஸ்ஸோ இன்னும் சுவையானது: ‘ஆம்னிபஸ்’ என்றால் லத்தீனில் ‘எல்லோருக்கும்’ என்று பொருள், அதாவது அது நான்காம் வேற்றுமைப் பன்மை, அதன் வால்தான் ‘பஸ்’. வேற்றுமை உருபின் துண்டுக்கு ‘ஐ’ ஈறு பொருந்தாது. ‘பஸ்ஸஸ்’ என்பதே சரி.

சில சொற்களுக்கு இரண்டு பன்மை உண்டு. பூச்சியின் உணர்கொம்புகள் என்றால் ‘ஆன்டெனீ’, கூரைமேல் இருப்பவை என்றால் ‘ஆன்டெனாஸ்’. கணிதத்தில் ‘இண்டிசீஸ்’, புத்தகத்தின் பின்பக்கத்தில் ‘இண்டெக்ஸஸ்’.

இனி அந்த ‘எஸ்’ஸுக்கு வருவோம். ஒரு பன்மைச் சொல் ஒருமையாகிவிட்டால்தான் அதன்மேல் இன்னொரு பன்மை ஈறு சேரும். மலையாளத்தில் ‘அவர்’ இன்றும் பலரைக் குறிக்கும். தமிழில் அது ஒருவருக்கான மரியாதைச் சொல்லாகிவிட்டதால், பன்மை காட்ட ‘கள்’ளும் சேர்த்து ‘அவர்கள்’ என்கிறோம். இரண்டு மொழியும் புழங்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. ‘அஜெண்டா’வும் பிறப்பால் பன்மையே; ஒருமையாகிவிட்டதால் இன்று ‘அஜெண்டாஸ்’ என எழுதலாம். டேட்டா பாதி வழியில் நிற்கிறது: ஆய்வுக் கட்டுரைகளில் பன்மை வினை பெறுவதுண்டு, அன்றாட எழுத்தில் ஒருமை வினையே மிகுதி, எதுவானாலும் ‘எஸ்’ வேண்டாம். பாக்டீரியா இன்னும் பன்மையாகவே நிற்கிறது. தேர்வுத் தாளில் அதற்கு ‘எஸ்’ சேர்க்காமல் ‘ஆர்’ என்ற பன்மை வினையோடு எழுதுங்கள்.