உளவியல் சொற்களை மனப்பாடம் செய்யாமல் பிடிப்பது எப்படி?

டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கோ பி.எட்.டுக்கோ படிக்கிறீர்களா? வரையறையை முதலில் தொடாதீர்கள், வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். நாலைந்து வயதுக் குழந்தை முன்னால் ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாக மோர் ஊற்றி, இரண்டும் சமம்தானே என்று கேட்டு, அது ஆமாம் என்ற பிறகு, ஒன்றை மட்டும் அதன் கண்ணெதிரே ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாற்றி, இப்போது எதில் அதிகம் என்று கேளுங்கள். பெரும்பாலும் உயரமானதைத்தான் காட்டும். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சொன்ன முன்செயல்பாட்டு நிலை இதுதான்: கண்ணுக்குத் தெரிவதை வைத்தே முடிவு செய்வது. ஏழு வயது வாக்கில் இதைத் தாண்டி, கண்முன் உள்ள பொருள்களை வைத்து முறையாக யோசிக்கும் பருப்பொருள் செயல்பாட்டு நிலைக்கு வருகிறார்கள். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், சிரிக்கவே கூடாது. ஏன் அப்படி என்று மட்டும் கேளுங்கள், அந்தப் பதிலில்தான் பாடமே இருக்கிறது.

அதிகம் பேர் கோட்டை விடுவது எதிர்மறை வலுவூட்டலில். அது தண்டனை இல்லை! மே மாத வேலூர் வெயிலில் குடை பிடித்து நடக்கிறீர்கள், தலை சுடுவது நிற்கிறது, மறுநாளும் குடையை எடுக்கிறீர்கள். தொல்லை விலகியதால் செயல் கூடுகிறது. தண்டனையில் செயல் குறையும். கேள்வித்தாளில் முதலில் செயல் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள், அப்புறம் ஏதாவது சேர்ந்ததா நீங்கியதா என்று பாருங்கள்.

உளவியலாளர் எரிக்சன் மனித வாழ்நாளைப் பிரித்த எட்டு நிலைகளா? சரி, கைக்குழந்தையிலிருந்து ஆயா வரை உங்கள் சொந்தக்காரர்களை வயதுப்படி ஒவ்வொரு நிலைக்கும் நேரே எழுதி வையுங்கள்.