தோட்டத்தில் இரத்ததான முகாம் நடத்துவோர் கவனிக்க வேண்டியவை

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கோவில் திருவிழாவை முன்னிட்டும், இளைஞர் கழகத்தின் ஆண்டு நிறைவை முன்னிட்டும் இரத்ததான முகாம் நடத்த முன்வருவோர் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் எத்தனை பைகள் சேர்ந்தன என்ற கணக்கிலேயே நம் கவனம் நின்றுவிடுகிறது. கொடுப்பவரின் உடல்நலத்தையும் சுயவிருப்பத்தையும் முதலில் காப்பாற்றினால்தான் பெறுபவருக்குப் பாதுகாப்பான இரத்தம் கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நாள் குறிக்குமுன் அருகிலுள்ள வைத்தியசாலையின் இரத்த வங்கியோடு பேசுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற நகரங்களின் பெரிய வைத்தியசாலைகளில் தேசிய இரத்தமாற்றுச் சேவையின் கீழ் இவ்வங்கிகள் இயங்குகின்றன. குழுவின் வாகனம் வரக்கூடிய பாதை, காற்றோட்டமான மண்டபம், தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றோடு, வைத்தியர் ஒவ்வொருவரிடமும் தனியே பேசுவதற்கு மறைவான ஓர் இடமும் வேண்டும். அந்த மறைவிடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பாலியல் உறவு, போதைப்பொருள், பழைய நோய்கள் பற்றியெல்லாம் அங்கே கேட்பார்கள். அயல் லயத்துக்காரர் (பக்கத்து வரிசை வீட்டார்) காதுபட எவரும் உண்மை சொல்லமாட்டார்கள். தமிழில் விளக்க ஆள் தேவைப்பட்டால், கங்காணியையோ தோட்ட உத்தியோகத்தரையோ அதற்கு அமர்த்துவது முறையன்று. வேலையில் தமக்கு மேலுள்ளவர் எதிரில் நிற்கும்போது "நான் கொடுக்கவில்லை" என்று சொல்வதும் கடினம், "எனக்கு இன்ன நோய் இருந்தது" என்று சொல்வதும் கடினம்.

மக்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றிய ஆய்வுகளில் பிறருக்கு உதவும் எண்ணம், இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, நேரில் ஒருவர் கேட்டுக்கொள்வது ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. சுவீடனின் கோதன்பர்க் நகரில் நடத்தி 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், கொடையாளராவதற்குச் சிறு தொகை தருவதாகச் சொன்னபோது முன்வந்த பெண்களின் விகிதம் 52 வீதத்திலிருந்து 30 வீதமாகக் குறைந்தது. அத்தொகையை அறப்பணிக்குக் கொடுத்துவிடலாம் என்றபோது 53 வீதமாயிற்று. ஆகவே பரிசுப் பொதிகளுக்குச் செலவிடுவதைவிட, வீடு வீடாகச் சென்று பொறுமையாக விளக்குவது மேல். அவ்வாறு விளக்கும்போது, எச்.ஐ.வி. இருக்கிறதா என்று அறிந்துகொள்வதற்காக எவரும் முகாமுக்கு வரக்கூடாது என்பதையும் சொல்லுங்கள். எச்.ஐ.வி., ஹெப்பற்றைற்றிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் செய்யப்பட்டாலும், தொற்றிய புதிதில் பரிசோதனையில் அகப்படாத ஒரு காலம் உண்டு. சந்தேகமுள்ளவர் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகவும் இரகசியமாகவும் பரிசோதித்துக்கொள்ளலாம்.

பொதுவாக 18 முதல் 60 வயது வரையானவரும், 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ளவரும், முன்பு கொடுத்திருந்தால் நான்கு மாதம் கடந்தவரும் கொடுக்கலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கொடுக்கக்கூடாது. தேசிய அடையாள அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மலையகத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து. பல முகாம்களில் விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தத்தை நீல நிறச் செப்புச் சல்பேற்றுக் கரைசலில் விடுவார்கள். துளி தயங்காமல் அடியில் இறங்கினால் ஹீமோகுளோபின் போதுமென்றும், மிதந்தாலோ நடுவில் நின்றாலோ போதாதென்றும் கொள்வார்கள். 1.053 ஒப்படர்த்தியுள்ள (தண்ணீரைவிட அத்தனை மடங்கு அடர்த்தியான) கரைசல், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 12.5 கிராம் ஹீமோகுளோபின் என்ற அளவைக் காட்டும். ஆயினும் துளி இறங்கிவிட்டது என்பதற்காக உடலின் இரும்புச் சேமிப்பு நிறைந்திருப்பதாக நினைக்க முடியாது. உயரமான இடத்தில் வாழ்வோருக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடியிருக்கும் என்பதால், இரத்தச்சோகையைக் கணிக்கும்போது உயரத்துக்கேற்ப ஓரளவைக் கழிக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நுவரெலியாவோ 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது; ஆகவே அங்கே துளி இறங்கினாலும் இரத்தச்சோகை மறைந்திருக்கக்கூடும்.

ஒரு முறை 450 மில்லிலீற்றர் கொடுக்கும்போது ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலைவிட்டுப் போகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாட்களில் ஈடாகிவிடும், இரும்பு அப்படியன்று. 215 கொடையாளர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், இரும்பு மாத்திரை எடுக்காதவர்களில் மூன்றில் இரு பங்கினருக்கு 168 நாள் கழித்தும் சேமிப்பு பழைய நிலைக்கு வரவில்லை. நான்கு மாத இடைவெளி என்பது சுமார் 120 நாள்தான். மாதவிலக்கில் இரத்தம் இழப்பவரும், ரொட்டியும் சம்பலுமே பெரும்பாலும் உணவாகக் கொண்டவருமான கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஆண்டுக்கு ஒருமுறையே போதும் என்பது என் கருத்து. கருவாடு, ஈரல், பயறு, முருங்கைக்கீரை ஆகியவற்றைத் தேசிக்காயோடு அல்லது கொய்யாப்பழத்தோடு சேர்த்து உண்ணச் சொல்லுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் நம் வழக்கம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது. ஒரு மணித்தியாலமாவது பிந்திக் குடிப்பது நல்லது.

துளி மிதந்ததால் திருப்பி அனுப்பப்படுபவரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். பரிசோதனையின் முடிவைத் துண்டில் எழுதிக் கொடுத்து, தோட்ட மருந்தகத்துக்கோ மருத்துவமாதுவிடமோ போகச் சொல்லுங்கள். அவமானப்பட்டதாக உணர்ந்து போனவர் மறுமுறை வருவதில்லை.

மயக்கம் பெரும்பாலும் முதல்முறை கொடுப்போர், இளையோர், எடை குறைந்தோர் ஆகியோருக்கே வருகிறது. பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு)ப் போய், மலையேறிக் கொழுந்து பறித்து, பசியோடு ஓடிவந்து கையை நீட்டுபவருக்கு அது வராதிருந்தால்தான் வியப்பு. எனவே 'பேர்' (அன்றைய நாட்சம்பளம்) போய்விடுமோ என்ற கவலையில்லாத ஞாயிற்றுக்கிழமையையோ போயா (பௌர்ணமி விடுமுறை) நாளையோ தெரிவுசெய்யுங்கள். காலையுணவு உண்ணாதவரை வரிசையில் நிற்க விடாதீர்கள். ஊசி ஏற்றுவதற்குச் சுமார் அரை மணித்தியாலம் முன்பு அரை லீற்றர் தண்ணீர் குடிப்பதும், கட்டிலில் படுத்திருக்கையில் தொடைத் தசைகளை இறுக்கி இறுக்கித் தளர்த்துவதும் மயக்கத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. கொடுத்தபின் கால்மணி நேரமாவது இனிப்பான பானத்தோடு இருத்துங்கள். தனியே படிக்கட்டில் ஏறி லயத்துக்குப் போக விடாமல் துணைக்கு ஒருவரை அனுப்புங்கள். அன்று முழுவதும் ஊசி குத்திய கையால் தண்ணீர்க் குடமோ விறகோ தூக்கக்கூடாது.

கொடுத்த ஓரிரு நாட்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், குறிப்பாக டெங்கு பரவும் காலத்தில், உடனே இரத்த வங்கிக்கு அறிவிக்க வேண்டும்; அவருடைய பையை வேறொருவருக்கு ஏற்றுமுன் நிறுத்திவைக்க அது ஒன்றே வழி. ஆதலால் வங்கியின் தொலைபேசி இலக்கத்தை முன்கூட்டியே துண்டுகளில் எழுதி, வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தனுப்புங்கள்.