ரிசல்ட் வரும்வரை செய்யக் கூடாத காரியங்கள்

என் அண்ணனுக்கு மூன்று வாரமாக சாயங்காலக் காய்ச்சல், கூடவே கழுத்தில் நெறி கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. தங்கச்சிமடத்தில் ஊசி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று, அப்புறம் ராமநாதபுரம் போய் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். அவர்கள் நெறியை அறுத்து சதை டெஸ்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் அதற்குள் விட்டுவிட்டது. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போனது அன்றைக்குத்தான். அந்த நாட்களில் நாங்கள் செய்யாத தப்பு இல்லை, அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

முதல் தப்பு, எத்தனை நாள் ஆகும் என்று கேட்காமல் வந்தது. "வந்ததும் போன் பண்ணுவோம்" என்றார்கள், தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டோம். மூன்றாம் நாளே மதினி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இந்த டெஸ்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சர்க்கரை, ரத்த அணு எண்ணிக்கை எல்லாம் அன்றே வந்துவிடும். கல்ச்சர் என்றால் கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது, சிறுநீர் கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாள், ரத்த கல்ச்சரில் கிருமி இல்லை என்று முடிவாகச் சொல்ல பொதுவாக ஐந்து நாள். சதை டெஸ்ட் (பயாப்ஸி) என்றால் சதையைக் கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற மருந்து நீரில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, அதற்கப்புறம்தான் டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். ஒரு வாரம் ஓடிவிடும். டிபி கல்ச்சருக்கு ஆறு வாரம்கூட ஆகலாம், ஏனென்றால் அந்தக் கிருமி அவ்வளவு மெதுவாக வளரும், அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. இது தெரிந்திருந்தால் மூன்றாம் நாள் அழுகை மிச்சம்.

இதை ஒட்டியே இன்னொன்று: "லேட் ஆகுதுன்னா ஏதோ பெருசா இருக்கு, அதான் சொல்ல மாட்டேங்கிறாங்க." எங்கள் தெருவில் இதைச் சொல்லாத ஆளே இல்லை. இத்தனைக்கும் கடலுக்குப் போன போட்டு நேரத்துக்குக் கரை திரும்பாவிட்டால் இன்ஜின் மக்கர் பண்ணியிருக்கும், வலையில் ஏதாவது சிக்கியிருக்கும் என்று பத்துக் காரணம் சொல்லத் தெரிந்தவர்கள்தான். ரிப்போர்ட் தாமதத்துக்கும் அப்படிப் பத்துக் காரணம் உண்டு. இன்னொரு சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள், இன்னொரு டாக்டரிடம் காட்டியிருப்பார்கள், சாம்பிள் மதுரைக்குப் போயிருக்கும், நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கும்.

டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்தது அடுத்த கூத்து. அதில் டாக்டர் ஒரு கேள்விக்குறி போட்டு டிபி என்றும், பக்கத்தில் 'ரூல் அவுட் லிம்போமா' என்றும் எழுதியிருந்தார். அண்ணன் மகன் காலேஜில் படிக்கிறவன், லிம்போமா என்று கூகுளில் தட்டி, புற்றுநோய் என்று படித்துவிட்டு வெளியே போய்விட்டான், ராத்திரி பத்து மணிவரை வீட்டுக்கு வரவில்லை. 'ரூல் அவுட்' என்றால் அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளப் பார்க்கிறோம் என்று அர்த்தம். இருக்கிறது என்று எழுதவில்லை. கேள்விக்குறியும் அப்படித்தான், டாக்டர் லேபிடம் கேட்கும் கேள்வி அது. நாம் அதைப் பதிலாகப் படித்துவிடுகிறோம்.

ரத்த ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தைப் பார்த்துப் பதறுவதும் இதே ரகம். நார்மல் அளவு என்று பக்கத்தில் போட்டிருக்கிறார்களே, அது பெரும்பாலும் ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேர் அடங்குகிற மாதிரி வைத்த வேலி. மிச்ச ஐந்து பேருக்கும் நோய் ஒன்றும் இருக்காது. அப்படியென்றால் ஒரே நாளில் 20 விஷயம் பார்க்கிற ஆளுக்கு ஏதோ ஒன்று வேலிக்கு வெளியே நிற்பது சாதாரணம். போதாததற்கு காய்ச்சல் வந்து போன உடம்பில் ஈஎஸ்ஆர் என்ற, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தக் கணக்கு ஏறியிருக்கும், டெங்கு மாதிரி காய்ச்சலுக்கு அப்புறம் ஈரல் கணக்கும் கொஞ்ச நாள் கூடுதலாகவே நிற்கும். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தால், டாக்டர் மறுநாள்தான் கிடைப்பார் என்றால், திறக்காமல் இருங்கள் என்பேன். யாரும் கேட்க மாட்டார்கள், நானே திறந்துதான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ரிசல்ட் வருவதற்குள் ஏதாவது போட்டு வைப்போம் என்று மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கித் தின்றால், அடுத்து எடுக்கிற கல்ச்சரில் கிருமி வளராமலே போகலாம். லெவோஃப்ளாக்சசின் போன்ற சில மாத்திரைகள் டிபியைக் கொஞ்ச நாள் அமுக்கி வைத்துவிடும், நோய் பிடிபடத் தாமதமாகும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் நெறி சுருங்கி, சதை டெஸ்டே குழம்பிப் போகும் ஆபத்து உண்டு. அதே போல, டாக்டர் ஏற்கெனவே கொடுத்த சர்க்கரை, பிரஷர் மாத்திரையை "ரிசல்ட் வரட்டும்" என்று நிறுத்துவதும் தப்பு. வேண்டிக்கொள்ள ஓரியூர் சர்ச்சுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போய் வருவதில் ஒரு குறையும் இல்லை, எங்கள் அம்மா இரண்டுக்குமே போனார், மனசுக்குத் தெம்பாகத்தான் இருந்தது. அதற்காக டெஸ்ட் தேதியைத் தள்ளிப் போடாமல் இருந்தால் சரி.

இப்போது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது, டிபி போலத் தெரிகிறது, கல்ச்சரும், கிருமியின் மரபணுவைத் தேடுகிற ஜீன் டெஸ்டும் செய்து உறுதி செய்யுங்கள் என்று. சரி, எடுத்த சதையில் செய்யுங்கள் என்றோம். முடியாது, மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டோம் என்றார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அதில் கல்ச்சர் வளராது. கல்ச்சருக்கு ஒரு துண்டைத் தனியாக சலைன் தண்ணீரில் போட்டிருக்க வேண்டும். மறுபடி கழுத்தில் ஊசி, மறுபடி காத்திருப்பு. அதனால் நெறியிலிருந்து சதை எடுக்கப் போகிறார்கள் என்றால், "டிபி டெஸ்டுக்கும் தனியா ஒரு பாட்டில்ல எடுப்பீங்களா சார்?" என்று ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நமக்கு என்ன தெரியும் என்று கூச்சப்பட்டு நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். சளி டெஸ்ட் என்றால் எச்சிலைத் துப்பிக் கொடுக்காமல், காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு ஆழமாக இருமி வருகிற சளியைக் கொடுக்க வேண்டும், அதையும் அவர்கள் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

போன் நம்பர் விஷயம் சின்னதுதான், ஆனால் கரையோரத்தில் இது பெரிய சிக்கல். கடலுக்குப் போகிறவர் தன் நம்பரை மட்டும் கொடுத்தால் சிக்னல் இல்லாத இடத்தில் யார் எடுப்பது? வீட்டிலிருக்கும் ஒருவர் நம்பரையும் எழுதுங்கள். சொன்ன தேதி தாண்டி போன் வரவில்லை என்றால் "ஒண்ணும் இல்லாததாலதான் கூப்பிடல" என்று விட்டுவிடாதீர்கள், ரிப்போர்ட் மேஜையிலேயே கிடக்கலாம்.

ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, பல் ஈறில் ரத்தம், மூச்சுத் திணறல், துவண்டு போவது, இதில் எது வந்தாலும் ரிப்போர்ட்டை மறந்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். பயத்தில் ராத்திரி தூக்கமே வரவில்லை, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை என்றால் 14416க்குப் போடுங்கள், டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண் அது, காசில்லாமல் தமிழிலேயே பேசுவார்கள்.

இரண்டாவது டெஸ்டில் டிபிதான் என்று உறுதியானது. ஆறு மாதம் மாத்திரை, அரசாங்கத்தில் இலவசம், சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் என்றார்கள். மதினி அன்றைக்குத்தான் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டார். அண்ணன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், சனிக்கிழமை போட்டில் ஏறிக் கடலுக்குப் போகலாமா என்று. டாக்டர் மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்து, முதலில் இதைத் தினமும் போடு, எடை ஏறட்டும், அப்புறம் பேசுவோம் என்று சொல்லிவிட்டார்.