செஃப் கிளஸ்டருக்குள் ஓடும் தரவைப் பூட்டுவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்கு மூன்று சர்வர் வைத்து ஒரு செஃப் (ceph) கிளஸ்டர் அமைத்துக் கொடுத்தேன். பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாகச் சேர்க்கும் மென்பொருள்தான் செஃப். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததைப் பார்த்தவர் ஸ்டுடியோ அண்ணன். எல்லாவற்றையும் ஒரே அறையில் வைக்கவே மாட்டேன் என்றார். அதனால் இரண்டு சர்வர் மாடியில், ஒன்று கீழே. நடுவில் ஓடும் கேபிள், கட்டடத்தில் எல்லோரும் ஏறி இறங்கும் மாடிப்படி ஓரமாகப் போகிறது. அங்கே இருக்கும் ஸ்விட்ச் பெட்டிக்குப் பூட்டும் கிடையாது.

“டிஸ்க்கைத்தான் பூட்டியாச்சே தம்பி, இன்னும் என்ன?” என்று கேட்டார். டிஸ்க் என்க்ரிப்ஷன், டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போகிறவனிடமிருந்துதான் காக்கும். கம்பியில் ஓடும்போது தரவு திறந்தபடியே ஓடுகிறது. அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. மூன்று பிரதி வைக்கும் பூலில் (தரவு வைக்கும் பகுதி) 1 ஜிபி வீடியோவைப் போட்டால், அது முதலில் முதன்மை ஓஎஸ்டிக்குப் போகும். ஓஎஸ்டி என்பது ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் செஃப் புரோகிராம். அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் நகல் போகும். ஆக மொத்தம் 3 ஜிபி கம்பியில் நடமாடுகிறது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்தாகவே அடியுங்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். கெடிலம் ஆற்றின் பெயரை KEDILAM என்று ஆங்கில எழுத்துகளில் ஒரு சின்ன ஃபைலில் இருபது தடவை எழுதுங்கள். தமிழில் எழுதினால், கம்பியில் ஓடுவதைத் திரையில் காட்டும் டிசிபிடம்ப் (tcpdump) வெறும் புள்ளிகளாகத்தான் காட்டும். ஒரு சர்வரில் டிசிபிடம்ப்பை ஓட விடுங்கள்: இன்டர்ஃபேஸ் ‘எனி’, போர்ட் 6800 முதல் 7300 வரை, கூடவே -ஏ. இந்த ஏ மட்டும் பெரிய எழுத்து. இன்னொரு டெர்மினலில் (-பி என்பது -p, டெஸ்ட் என்பது பூலின் பெயர், ஆறு என்பது ஃபைலுக்கு உள்ளே வைக்கும் பெயர்):

ரேடோஸ் -பி டெஸ்ட் புட் ஆறு ஃபைல்பெயர்

மூன்று சர்வர், மூன்று பிரதி என்பதால் எந்த சர்வரில் நின்று பார்த்தாலும் ஆற்றின் பெயர் திரையில் வரிசையாக ஓடும். ஸ்டுடியோ அண்ணனிடம் இதைக் காட்டிய பிறகு அவர் வேறு கேள்வியே கேட்கவில்லை.

வெர்ஷன் சரியா?

‘செஃப் வெர்ஷன்ஸ்’ அடியுங்கள். எல்லாம் 14.2, அதாவது 2019இல் வந்த நாட்டிலஸ், அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். செஃப் என்ற பெயரே கணவாய், ஆக்டோபஸ் இனத்தைக் குறிக்கும் செஃபலோபாட் என்ற சொல்லின் சுருக்கம். முதுநகர் துறைமுகத்தில் கூடையில் பார்க்கிறோமே, அதே கணவாய்தான்.

அப்புறம் ‘செஃப் மான் டம்ப்’ (மான் என்பது mon). ஒவ்வொரு மானிட்டருக்கும், அதாவது கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் புரோகிராமுக்கும், வி2 (செஃப் பேசும் புதிய நெறிமுறை) முகவரியும் 3300 போர்ட்டும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ‘செஃப் மான் எனேபிள்-எம்எஸ்ஜிஆர்2’.

சிபியுவில் ஏஇஎஸ் வசதி (என்க்ரிப்ஷனை வேகமாகச் செய்ய உதவுவது) இருக்கிறதா என்பதை /ப்ராக்/சிபியுஇன்ஃபோ ஃபைலில் பாருங்கள். இல்லாத பழைய மெஷினில் இந்த வேலை நன்றாகவே இழுக்கும்.

பூட்டுவது

வி2 நெறிமுறையில் இரண்டு வகை உண்டு. ‘சிஆர்சி’ என்பது வழியில் பிட் கெட்டுப்போனால் கண்டுபிடிக்க மட்டுமே. எட்டிப் பார்ப்பவனை அது தடுக்காது. ‘செக்யூர்’ என்பது ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையில் என்க்ரிப்ட் செய்யும். வழியில் யாராவது கை வைத்தாலும் தெரிந்துவிடும். தரவு ஓடும் இணைப்புகளில் சிஆர்சிக்குத்தான் இயல்பாக முதலிடம். அதை மாற்றப்போகிறோம்:

செஃப் கான்ஃபிக் செட் குளோபல் எம்எஸ்_கிளஸ்டர்_மோட் செக்யூர்
செஃப் கான்ஃபிக் செட் குளோபல் எம்எஸ்_சர்வீஸ்_மோட் செக்யூர்
செஃப் கான்ஃபிக் செட் குளோபல் எம்எஸ்_கிளையன்ட்_மோட் செக்யூர்

சான்றிதழ் எதுவும் உருவாக்க வேண்டாம். செஃப்எக்ஸ் (cephx) என்ற செஃப்பின் சொந்த அடையாளச் சோதனையின்போதே சாவி கைமாறிவிடுகிறது. எனக்கு செஃப்பில் மிகவும் பிடித்த விஷயம் இது.

ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் இணைப்புகள் பழையபடியே இருக்கும் என்பதால் ஓஎஸ்டிகளை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். முதலில் ‘செஃப் ஓஎஸ்டி செட் நோஅவுட்’. ரீஸ்டார்ட் ஆகும் ஓஎஸ்டியைக் கிளஸ்டர் வெளியேற்றாமல் இருக்க இது. பிறகு, செஃப்ஏடிஎம் (cephadm) கொண்டு அமைத்த கிளஸ்டரானால், ஒவ்வொன்றாக ‘செஃப் ஆர்க் டீமன் ரீஸ்டார்ட் ஓஎஸ்டி.0’ (ஆர்க் என்பது orch). எல்லா பிஜியும் (செஃப் தரவைப் பிரித்து வைக்கும் தொகுப்பு) ‘ஆக்டிவ்+கிளீன்’ ஆன பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஹெல்த் ஓகே வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நோஅவுட் போட்டிருக்கும் வரை எச்சரிக்கை நிற்கத்தான் செய்யும். முடிந்ததும் ‘செஃப் ஓஎஸ்டி அன்செட் நோஅவுட்’.

நான் தவறவிட்ட இடம்

எல்லாம் முடித்துவிட்டு டிசிபிடம்ப் ஓட்டினேன். ரேடோஸ் கட்டளையால் போட்ட ஃபைல் குப்பை எழுத்துகளாக மாறியிருந்தது. ஆனால் எடிட்டிங் மெஷினிலிருந்து அதே ஃபைலை செஃப்எஃப்எஸ்ஸில் (செஃப்பை சாதாரண ஃபோல்டர்போல மவுன்ட் செய்யும் வசதி) காப்பி செய்தபோது ஆற்றின் பெயர் பளிச்சென்று தெரிந்தது!

காரணம், அந்த மெஷின் பழைய வி1 நெறிமுறையில் பேசியது. வி1இல் என்க்ரிப்ஷனே கிடையாது. மேலே போட்ட மூன்று கட்டளையும் வி1 கதவை மூடுவதில்லை. லினக்ஸ் கெர்னல் வழியாக மவுன்ட் செய்தால், நீங்கள் சொல்லாதவரை அது வி1இல் பேசக்கூடும்.

மானிட்டர் சர்வரில் ‘எஸ்எஸ் -டிஎன்’ (ss -tn) அடித்து, வி1 பயன்படுத்தும் 6789 போர்ட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த மெஷின்களில் கெர்னல் 5.11 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். மவுன்ட் ஆப்ஷனில் ‘எம்எஸ்_மோட்=செக்யூர்’ சேருங்கள். மவுன்ட் விவரம் இருக்கும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில் 6789 என்று எழுதியிருந்தால் 3300 ஆக்குங்கள். எல்லோரும் மாறிய பிறகு ‘எம்எஸ்_பைண்ட்_எம்எஸ்ஜிஆர்1’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கி ஓஎஸ்டிகளை மறுபடி ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். மானிட்டர்களின் வி1 முகவரியை ‘செஃப் மான் செட்-அட்ர்ஸ்’ (set-addrs) மூலம் நீக்கலாம்.

ரேடோஸ் கேட்வே (செஃப்பை இணையவழிச் சேமிப்பிடமாகத் தரும் சர்வீஸ்) வழியாக எஸ்3 முறையைப் பயன்படுத்தினால், கிளையன்ட்டுக்கும் கேட்வேக்கும் நடுவில் ஓடுவது சாதாரண எச்டிடிபி. அதற்கு டிஎல்எஸ் சான்றிதழ் தனியாக வேண்டும். மேலே செய்தது எதுவும் அதைத் தொடாது.

கடைசியாக, ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஒரு தடவை அந்தச் சின்ன ஃபைலை அனுப்பி டிசிபிடம்ப்பில் பாருங்கள். எங்கிருந்து அனுப்பினாலும் ஆற்றின் பெயர் தெரியக் கூடாது.